பால்மாப் பேணிக்குள் அண்ணியின் இன்சுலின்

என் உயிரான அண்ணைக்கு,

அண்ணிக்குக் கண் ஒப்பரேசன் சென்னையில் நல்லபடி முடிந்தது. பலாலியில் விமானம் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். விமானி எனக்குக் கைகொடுத்த பிறகுதான் விமானத்தைக் கிளப்பினார் என்று கொக்குவில் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும்.

ஆனால் அண்ணை, நான் பயந்த பயம்!

விமான நிலையத்து மெசினின் கதிர் பட்டால் இன்சுலின் வெறும் தண்ணீராகிவிடும் என்று கொடிகாமம் சந்தையில் ஒருவன் சொல்லிவிட்டான். "அண்ணியைக் கவனமாப் பார்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினவர் நீங்கள். தண்ணீரை ஊசியில் ஏற்றி அவவைச் சாகக் கொடுக்கவா? சண்டைக்காலத்தில் எத்தனை சோதனைச்சாவடிகளை ஒளித்த மருந்தோடு கடந்தவன் நான்! இன்சுலினைப் பால்மா வந்த தகரப் பேணிக்குள் வைத்து, மேலே பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா நிரப்பிக் கைப்பையில் போட்டேன். தகரம் கதிரை விடாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மெசின் பேணியை விழுங்கியது. திரும்பவும் விழுங்கியது. மூன்றாம் முறையும். பத்து அதிகாரிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சரி, சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளைதான். சீருடையைக் கண்டதும் கால் உதறத் தொடங்கிவிட்டது. சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் என் கால்களுக்கு மட்டும் ஏன் ஒருவரும் அதைச் சொல்லவில்லை?

"ஐயா, மருந்தை ஏன் மாவுக்கை ஒளிச்சனீங்கள்?"

"கதிர் பட்டாப் பழுதாப்போயிடும், பிள்ளை."

"ஒண்டும் ஆகாது ஐயா. வெளியிலை வைச்சிருந்தா ஒருக்காத்தான் போயிருக்கும். பேணிக்கை என்ன கிடக்கெண்டு தெரியாமத்தான் மூண்டுதரம் விட்டனாங்கள். பயமெண்டாக் கையிலை தாங்கோ, கண்ணாலை பாப்பம். பிளேனிலை கீழை போற பெட்டிக்கை மட்டும் வைச்சிடாதேங்கோ, குளிரிலை உறைஞ்சிடும்."

அண்ணி சிரித்தா. "கொண்ணர் இருந்திருந்தா உம்மைத்தான் பேணிக்கை அடைச்சிருப்பார், தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றுதரம்! சென்னையில் அவ ஊசி போட்டதும் முன்னாலேயே குந்திக்கொண்டேன். "தண்ணி விடாய்க்குதோ? கண் இருட்டுதோ?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவ என்னை அறையை விட்டே கலைத்துவிட்டா. ரத்தத்தில் சீனி ஏறவில்லை, அண்ணை. ஏறியிருந்தால் உங்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

கண் காட்ட மறுபடியும் போகவேண்டும். இந்தமுறை பேணி வீட்டில் கிடக்கும். மருந்தை உள்ளங்கையில் வைத்து, அந்தச் சீருடைக்கு முன்னால் நானே நீட்டுவேன். இனி ஒளிக்கமாட்டேன், இது உங்கள் மேல் ஆணை.

அண்ணியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த,
உங்கள் தம்பி