நாறாத மீன்

ஊரூர்க் குப்பம், அடையாறு,
26-6-1937

ரங்கூனில் இருக்கும் மகள் வசந்திக்கு அம்மா அங்காளம்மாள் சொல்ல, தம்பி பக்கிரி எழுதுவது. இங்கே நானும் இவனும் மூச்சோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சோற்றுக்கும் சுகத்துக்கும் குறைவில்லாமல் இருக்க எல்லையம்மன் கண் திறக்கட்டும். மசக்கையில் கருவாட்டு வாடையே ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை கருவாடு சுடும்போது நீ தெருவில் போய் நின்றுகொள், வெட்கம் பார்க்காதே.

எனக்கும் பதினைந்து நாளாகக் குமட்டல்தான். எனக்குக் காரணம் வயிற்றில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அந்தக் கஸ்மாலம் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு இளிக்கிறது. (கஸ்மாலம் என்பது நான். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுத உத்தரவு.) ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் டாக்கிப் படம் பிடிக்கும் கம்பெனி வந்திருக்கிறது. கப்பல் கவிழும் காட்சிக்கு நீந்தத் தெரிந்தவர்கள் வேண்டுமென்று குப்பத்தில் பத்துப் பேரைக் கூட்டிப்போனார்கள், இவனும் போனான். போனால் அங்கே தண்ணீரே இல்லை. அரை மைலில் ஆண்டவன் விட்ட கடல் சும்மா கிடக்க, நாலு பேர் நீலத் துணியைப் பிடித்து உதறுகிறார்களாம், அதுதான் அலையாம். தகரத்தை ஆட்டினால் இடி, ஓட்டை வாளியைத் தூக்கினால் மழை. ஒருவன் முழுகிச் செத்தானாம், பெண்டாட்டி புரண்டு அழுதாளாம், போதும் என்று யாரோ கத்தியதும் பிணம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடித்ததாம். அன்றைக்கு இவனைப் பிடித்தது இந்தப் பேய். கட்டுமரத்தை விட்டுக் கட்டுக்கதையில் ஏறிவிட்டான். (இந்தச் சொல் என்னுடையது, கோபம் அம்மாவுடையது.)

இடி இடித்தால், எவன்டா தகரத்த ஆட்றது என்று வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். கூடக் கட்டுமரத்தில் போகிறவர்கள் சிரித்துச் சிரித்து வலையைக் கோட்டை விடுகிறார்கள். இன்னாடா பேச்சு இது என்று கேட்டால், எம்மா, படத்துக்குள்ள கீறவனுக்குத் தான் படத்துக்குள்ள கீறது தெரியுமா, நம்மளயும் எவனோ குந்திகினு பாத்துகினு கீறான், இந்தக் கடலு, நீ, உன் கூடை அல்லாம் துணிதான், இல்லேன்னு நீ எப்டிச் சொல்லுவே என்கிறான். அதுவரைக்கும் பொறுத்தேன். ஆடி பத்தாந் தேதி உங்கள் நைனாவுக்கு வருஷத் திதி, ஆற்று முகத்துவாரத்தில் முழுகி எள்ளும் தண்ணியும் விட ஆண்பிள்ளை இவன் ஒருவன்தான். முழுக மாட்டானாம். செத்தாத்தானே திதி, நைனாவுக்கு வேஷம் முடிஞ்சிச்சு, எழுந்து போய் எங்கியோ டீ குட்ச்சிகினு கீறாரு என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். துடைப்பத்தால் இரண்டு வைத்தேன். (மூன்று.)

போன ஆடியில் கடலில் முழுகிப்போய், மூன்றாம் நாள் திருவான்மியூர்க் கரையில் உங்கள் நைனா ஒதுங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன் வசந்தி. மற்றவர்கள் தள்ளியே நின்றார்கள். நான் போனேன். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதுவும் துணியா என்று கேட்டேன், இந்தப் பேமானி தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் முழுகுகிறேன் என்று மட்டும் வாயில் வரவில்லை.

மறுபடி அங்கேதான் போயிருக்கிறான் என்று தெரிந்ததும் கூடையோடு நானே போனேன். த்தூ. நம் குப்பம் மாதிரியே கட்டி வைத்திருக்கிறார்கள், முன்னால் குடிசை, பின்னால் ஒன்றுமில்லை, மூங்கில் முட்டுக்கொடுத்திருக்கிறது, அதன் மறைவில் ஆம்பிளைகள் வரிசையாக ஒன்றுக்குப் போகிறார்கள். முகமெல்லாம் மாவைப் பூசிக்கொண்டு ஒருத்தி மீன்கூடையோடு நெளிந்தாள், அவள்தான் நானாம். கூடையில் மூன்று நாள் மீன், கண் வெளுத்துப் புழு ஓடுகிறது. ராமானுஜம் என்று அங்கே ஒரு மானேஜர், மூக்கைப் பொத்திக்கொண்டு என் கூடையைக் காட்டி, அதை வெளியில் வையம்மா நாறுகிறது என்றார். சாமி, என்னுது காலையில துள்ளின வவ்வாலு மீனு, உன்னுதுதான் புழுத்துக் கீது என்றேன். படத்தில் நாறாது என்றார். படத்தில் நாறாதாம். நாறாதது மீனா? வேர்வை, ரத்தம், பிள்ளைப் பீ இல்லாமல் ஒரு குடித்தனமா? இவன் காதைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நான் சொன்னால் ஏறவில்லை. உன் பேச்சுக்குத்தான் இவன் அடங்குவான். ஆடி பிறப்பதற்குள் இவனை நன்றாகத் திட்டி ஒரு கார்டு போடு, மறக்காதே. பாரம் தூக்காதே. மாப்பிள்ளைக்கு என் கும்பிடு. பிள்ளையும் நீயும் முழுசாக இரண்டு உயிராகப் பிரிந்து வர அம்மன் துணை.

இப்படிக்கு உன் அம்மா,
அங்காளம்மாள் (கைநாட்டு)

அக்கா, அம்மா விரலை ஒற்றிவிட்டு மை கழுவப் போயிருக்கிறாள், மிச்ச இடம் என்னுடையது. இதை எழுதாதே என்றாள், எழுதுகிறேன். கைநாட்டு வைக்கும் முன் மெதுவாக, ஏண்டா, அங்க குடுக்கிற டீயில சக்கரை போடுவாங்களா என்று கேட்டாள். நைனா டம்ளர் அடியில் சர்க்கரை நிற்க வேண்டும் என்பாரே. கேட்டுவிட்டு, த்தூ, வெக்கங்கெட்ட மனசு என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். நான் அவள் விரலைப் பிடித்து மையில் தொட்டேன்.

நான் முழுகுகிறேன் அக்கா. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. உன் கார்டைக் கேட்டுத் திருந்தினதாக இருக்கட்டும். படித்துக்காட்டப் போகிறவனும் நான்தான், அதனால் கையெழுத்து புரிகிற மாதிரித் திட்டு.

தம்பி,
பக்கிரி