பர்மாக் கத்தியும் அதன் உறையும்

டாக்டர், இன்று காலை என் தோல் கடைக்குள் ஆமணக்கெண்ணெய் ஊறிய பழந்தோலின் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஜவ்வாது மலைக் காளியப்பன் அந்தப் பர்மாக் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"உறை தையல் வுட்டுப்போச்சு பாய். டாக்டர் இருந்திருந்தா அவர்கிட்டதான் போயிருப்பேன்."

நீங்கள் இல்லை என்பதை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! எனக்கு இன்னும் அது வாயில் வரவில்லை.

நீங்கள் மலையில் மாட்டு வைத்தியர், நான் வாணியம்பாடித் தோல் வியாபாரி. பழைய பட்டாளத்துக் கத்திகள் மீதிருந்த பைத்தியம்தான் நம்மைச் சேர்த்தது. "சொந்த உறை இல்லாத கத்தி அரைக் கத்தி பாய்" என்பீர்கள்.

காளியப்பன் வீட்டுப் பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் இதைப் பார்த்தீர்கள். இருபுறமும் கூரான, ஒல்லியான சண்டைக் கத்தி. அவருடைய அப்பா பர்மாப் போரிலிருந்து கொண்டுவந்தது. அதில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எடுத்துக்கோங்க" என்றார் காளியப்பன். உறையோ சரிவுக்கு அப்பால் தம்பி வெள்ளையனிடம் இருந்தது. நிலம் பிரித்தபோது சண்டை. ஒருவர் கத்தியை எடுக்க, மற்றவர் உறையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பேச்சே இல்லை.

உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளையனிடம் போனீர்கள்.

"கத்திய அவன் எடுத்தான், உறைய நான் எடுத்தேன். இப்ப இன்னா அதுக்கு?"

"ரெண்டும் சேருதான்னு ஒரு தபா பாக்கணும்ங்க. அவ்ளோதான்."

அன்று அவர் மசியவில்லை. மாட்டுக்கு ஊசி போடுவதைச் சாக்காக வைத்து விடாமல் போய்வந்தீர்கள். கடைசியில் இருவரும் வரப்பில் வந்து நின்றார்கள். நீங்கள் எதையும் தொடவில்லை. தம்பி உறையைப் பிடிக்க, அண்ணன் கத்தியைச் செருகினார். சிக்கென்று உட்கார்ந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை. "அப்பா இடுப்புல பாத்தது" என்று வெள்ளையன் அழுதார்.

காளியப்பன் தயங்கினார். "குடுக்குறேன்னு சொன்னேன், டாக்டரே..."

"வேணாங்க, உங்க வூட்லயே இருக்கட்டும். உறைக்குள்ளயே போட்டு வெச்சுடாதீங்க, தோல் இரும்பத் தின்னுடும்."

கைக்கு வந்ததை விட்டுவிட்டீர்களே என்று மலை இறங்கும் வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். ஆலங்காயத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். "எனக்கும் வயிறு எரியுது பாய். கெளம்பலாம், இல்லன்னா திரும்பிப் போய் கேட்டுடுவேன்."

இன்று பழைய துளைகளிலேயே ஊசி விட்டுத் தைத்தேன். வாங்கிக்கொண்ட காளியப்பன் மெல்லக் கேட்டார்: "பசங்கல்லாம் பெங்களூர்ல. எங்களுக்கப்புறம் இத நீங்களே வெச்சுக்கிறீங்களா பாய்?"

ஆகட்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வெள்ளையன் இன்னா சொல்றாரு?"

"அவன்கிட்ட இன்னும் கேக்கல."

"கேளுங்க. ரெண்டு பேரும் சேந்து வந்து சொல்லுங்க."

அவர் பஸ் ஏறியதிலிருந்து மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டு: அந்தக் கத்தி ஆசை, ஆசைப்பட்டதைக் கேட்காமல் திரும்பி வருவது. ஒன்று மற்றதைத் தணிக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு உட்காரத்தான் முடியவில்லை, டாக்டர்.