அண்ணன் அனுப்பிய சனி வளையம்

ஜன. 9

காலையில் பனி. கேஸ் புக் பண்ண வேண்டும்.

அண்ணன் வாட்ஸ்அப்பில் சனி கிரகத்தின் படம் அனுப்பியிருக்கிறான். ‘நேத்து சாயங்காலம் நம்ம டெலஸ்கோப்ல எடுத்தது.’ வளையம் தட்டு மாதிரி அகலமாக இருக்கிறது. இந்த வருஷம் வளையத்தின் விளிம்புதான் நம் பக்கம். மெல்லிய கோடாகத்தான் தெரிய வேண்டும். இது பழைய படம். அவனுக்கு இது தெரியாதா என்ன? எதற்கு இந்தப் பொய்?

ஜன. 10

போன் செய்தேன்.

“நாளைக்கு வரேண்ணா. வியாழன் பாக்கலாம்.”

“வேணாம்மா. டெலஸ்கோப்ப சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்.”

முந்தாநாள் படம் எடுத்தானாம், இன்று சர்வீஸாம். கையால் செய்த டெலஸ்கோப்பை எவன் சர்வீஸ் செய்வான்? அதன் கண்ணாடியை நாங்கள் இரண்டு பேரும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தோம். என் வீட்டில் மாடி இல்லையென்று அங்கே விட்டு வைத்தது. விற்றுவிட்டான். இடத்தை அடைக்கிறதென்று அண்ணி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணி ஊறப் போட்டேன். மனசு அதில் இல்லை.

ஜன. 11

ஞாயிறு. சொல்லாமலே மர்பி டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியே போயிருந்தான். மாடியில் டெலஸ்கோப், தார்ப்பாய்க்கு அடியில், ஒட்டடையோடு. விற்கவில்லை. தொடவும் இல்லை.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “உங்கண்ணன் என்னமோ மறைக்கிறாரு கஸ்தூரி. படியில தடுமாறுறாரு. குடிக்கிறாரோன்னு வாய மோந்து பாத்தேன். வாசனையே இல்ல.”

வாசலில் அவன் ஓட்டும் ஸ்கூல் வேன். இடது பக்கம் புதிதாக நசுங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு வேறு சந்தேகம். டெலஸ்கோப்பைத் துடைத்து, கிழக்கே வியாழனுக்கு நேராகத் திருப்பினேன். முன்மூடியை மட்டும் கழற்றவில்லை. இருட்டும் நேரத்தில் வந்தான்.

“வாண்ணா. வியாழன் வெச்சிருக்கேன், பாரு.”

கண்ணை வைத்தான். “நல்லாருக்கு. நாலு நிலாவும் வரிசையா.”

மூடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். விளிம்பைச் சுற்றித் தடவிக்கொண்டே நின்றான்.

“எப்போலருந்துண்ணா?”

“தசராவுக்கு முன்ன. சுகர் கண்ணுக்கு ஏறிடுச்சுன்னாரு டாக்டரு.”

“வண்டி ஓட்டலாம்னாரா?”

மூடியைக் கீழே வைத்தான். பிறகு, “ரோடு எனக்கு மனப்பாடம்மா.”

“ரோட்ல நடக்கற பசங்களும் மனப்பாடமா?”

“வேன்காரனுக்குக் கண்ணு போச்சுன்னா யாரு புள்ளைங்கள அனுப்புவா? எப்பவும் போல இருக்கேன்னு நீங்க நெனைக்கணும்னுதான் படம் அனுப்புனேன்.”

சாவி கேட்டேன். கொடுக்கவில்லை. அண்ணியிடம் எல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு ஓட்ட மாட்டான் என்று நம்பலாமா? நம்பிக்கை இல்லை.

ஜன. 12

டூட்டிக்கு லேட், மேனேஜர் முறைப்பு.

விடிந்ததும் மர்பி டவுன். நினைத்தபடியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேனுக்கு முன்னால் போய் நின்றேன்.

“நகரு கஸ்தூரி.”

“நான் நிக்கறது தெரியுதாண்ணா?”

முன்கண்ணாடிக்கு முகத்தை நெருக்கினான்.

“குரல் கேக்குதும்மா.”

இன்ஜினை நிறுத்தினான். சாவியை அண்ணி வாங்கிக்கொண்டாள். பக்கத்துத் தெரு டிரைவரைக் கூப்பிட்டு, வீடு வீடாகப் போன் செய்து சொன்னாள். அவன் என்னைத் தாண்டி உள்ளே போகும்போது, “என் சோத்துல மண்ணப் போட்டுட்ட. இனிமே இந்தப் பக்கம் வராத” என்றான்.

அங்கிருந்தே பஸ் பிடித்து டூட்டிக்குப் போனேன்.

ஜன. 14

போகி. புகை, ஒன்றும் தெரியவில்லை. அண்ணனிடமிருந்து போன் இல்லை. வேறு யாரிடமாவது வேன் வாங்கி ஓட்டுகிறானோ? அண்ணிக்கு இரண்டு தரம் போன் செய்து கேட்டுவிட்டேன். “வீட்லதான் இருக்காரு. செவுத்தப் பாத்துக்கிட்டு.”

ஜன. 16

அரை நாள் லீவ். அண்ணி கூப்பிட்டால் கண் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டானாம். ‘கஸ்தூரி வந்தா வரேன்’ என்றானாம். எதற்கு நான்? திட்டவா? போனேன்.

திட்டவில்லை. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், வலது கண் திரும்பாது, இனி வண்டி கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஆட்டோவில் இருட்டிவிட்டது. அல்சூர் ஏரி ஓரம், வானம் துடைத்து வைத்த மாதிரி. வியாழன் நல்ல வெளிச்சமாக.

“மேல தெளிவா இருக்காம்மா?”

“மேகமா இருக்குண்ணா.”

தலையை வெளியே நீட்டினான்.

“மேகம் இருந்தா இவ்ளோ குளுராது. பொய் சொல்ற.”