மூடி இல்லாத தைல டப்பா

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஐ.டி. கார்டைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். உன் தைல டப்பாவின் மூடி விரலில் தட்டுப்பட்டது. எங்கள் லைனுக்குப் புதிதாக வந்த தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "தைல வாசன வருதேக்கா" என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. பாசத்தோடு வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். எரிச்சலோடுதான் வந்தது.

நாம் இருவரும் ஃபேக்டரியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். ஷிப்ட் முழுக்க நின்றபடி. முட்டிவலி தாங்காமல் நீ வேலையை விட்டாய். சுங்குவார்சத்திரத்தில் டயர் கடைக்கு மேலே இருந்த உன் அறைக்கு, ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாய். "நாள் பூரா நின்னுக்கினே இருந்தல்ல, கண்ண மூடிக்கினு சும்மா உக்காரு" என்பாய். தியானம் என்றால் அவ்வளவுதான். யாராவது குறட்டை விட்டாலும் எழுப்பமாட்டாய். அந்த அறையில் ஊதுபத்தி கிடையாது, நீ முட்டியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனைதான். தேய்த்த கையோடு மூடியை இறுக்கித் திருகிவிடுவாய். நான் மறந்து திறந்து வைத்தால் அதட்டுவாய். "மூடுடி, எல்லாம் காத்துல பூடும்."

ஒருநாள் ஹாஸ்டல் பெண் ஒருத்தி உன் காலில் விழக் குனிந்தாள். நீ சட்டென்று கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "இன்னாம்மா, கீழ எதுனா உழுந்துச்சா?" என்று கேட்டாய். அறை முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு யார் குனிந்தாலும் உனக்கு அதே கேள்விதான். அந்தக் கேள்விக்காகவே உன்னை நம்பினேன்.

பிறகு அந்த இளைஞர்கள் வந்தார்கள். படித்தவர்கள், ஒரகடம் அடுக்குமாடிகளில் குடியிருந்தவர்கள். கெட்டவர்கள் என்று சொல்லமுடியாது, அவர்களுக்கும் தூக்கம் வரவில்லை, உட்கார இடம் வேண்டியிருந்தது. ஆனால் அவர்களுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. வடக்குப்பட்டு போகிற வழியில் ஒரு கூடம் எழும்பியது. எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு வந்தது. சுவரில் உன் படம் வந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கான்னு கூப்பிடாதீங்க, அம்மான்னு சொல்லுங்க" என்று திருத்தினார்கள். உன் தலையில் பேன் பார்த்தவள் நான். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். லேசாகச் சிரித்தாயே தவிர வாயைத் திறக்கவில்லை. உனக்கு அது பிடித்திருந்தது, அக்கா. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

அப்புறம் ஒரு தென்காசிப் பெண்ணின் அக்காவுக்கு வளைகாப்பு. ஊருக்குப் போனால் குடும்பத்தின்மேல் பற்று கூடிவிடும், போகக்கூடாது என்று அவளைத் தடுத்துவிட்டார்கள். அவள் பாத்ரூமில் நின்று அழுதாள். நான் அவளைக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டுவந்து உன்னிடம் கேட்டேன். "அக்கா, நீயா அப்டி சொன்ன?" சிரித்துவிட்டு அவர்களைத் திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அன்று முதல் என்னை 'மௌனத்தில்' வைத்தார்கள். கேள்வி கேட்கிறவர்களோடு யாரும் பேசக்கூடாது, அதற்கு அந்தப் பெயர். லைனில் பக்கத்தில் நிற்கிறவள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அலுத்துப்போன எங்களுக்கு நீ கொடுத்த மௌனத்தைத்தான் அவர்கள் தண்டனையாக்கியிருந்தார்கள். அவர்கள் பேசாததை நான் பொறுத்துக்கொண்டேன். நீ பேசாததை எப்படிப் பொறுப்பேன்?

நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தேன். "வாடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். கட்டிலில் சாய்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாய். வெள்ளை உடுப்புக்காரர்கள் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் உன் கையிலிருந்து மூடி நழுவி, உருண்டு கட்டிலுக்கடியில் போனது. எடுக்கக் குனிந்தேன். இந்தமுறை நிஜமாகவே கீழே ஒன்று விழுந்திருந்தது, அக்கா. அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் உனக்கு வாய்த்திருக்காது.

உன் கை என் தலைமேல் வந்து அமர்ந்தது. ஆசீர்வாதம் பண்ணினாய். எல்லோருக்கும் பண்ணுகிற மாதிரியே. அடுத்த ஆள் வரட்டும் என்று என்னை நகர்த்தினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மூடி என் கைக்குள்ளேயே இருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. சாவுச் செய்தியைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தத் தூத்துக்குடிப் பெண்ணும் இப்போது உன் கூடத்துக்குப் போகிறாளாம். இன்று போனில் ஒரு படம் காட்டினாள். கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உன் தைல டப்பா, மூடி இல்லாமல். "அம்மா எதையுமே மூடி வைக்க மாட்டாவளாம்க்கா. மனசு இப்படித் தொறந்து கெடக்கணும்னு காட்டத்தான் கடைசி வரைக்கும் இத மூடாம வச்சிருந்தாவளாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. "பொங்கலுக்கு ஊருக்குப் போறியா?" என்று கேட்டேன். "இல்லக்கா, பற்று கொறையணும்லா" என்றாள்.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூடியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "அந்த டப்பாவோட மூடி இதான். கீழ உழுந்துச்சு, நான் எடுத்துக்கினு வந்துட்டேன். அதான் தொறந்து கெடக்குது. வேற ஒண்ணுமில்ல. நீ ஊருக்குப் போம்மா" என்றேன்.

அவள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அதை இரண்டு கையாலும் ஏந்திக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று, நாளைக்கு அவளும் என்னோடு பேசமாட்டாள். போகட்டும். இதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை, அக்கா. உன்மேல் கோபம் தீராத ஒருத்தியிடம் இருக்கும்வரைதான் இது வெறும் மூடியாக இருக்கும்.