தாம்பாளத்தில் ஒரு ரசீது

கிராம்பு எண்ணெய் வாசம். இன்று காலை புது அறையில் முதல் முறையாக மருதாணி குழைத்தேன். மத்தியானத்துக்குள் புதுச் சுண்ணாம்பின் வாடை அடங்கிவிட்டது. இனி இது நம் அறை.

சிங்கப்பூரின் தேக்காவில், ஒரு துணிக்கடைக்கு மேலே. ஒற்றை ஜன்னல். கீழே பூக்கடைகள். நீ வந்திருந்தால் முதலில் வாடகையைக் கேட்டிருப்பாய், பிறகுதான் ஜன்னலைத் திறந்திருப்பாய்.

பல்கலைக்கழகத்தில் தொடங்கியது நம் மருதாணி. வேலை கிடைத்த பிறகும் நாம் விடவில்லை. நீ தோ பாயோவில் ஒரு பல் மருத்துவமனையில், நான் தஞ்சோங் பகாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில். வாரநாளில் சம்பளம். வார இறுதியில் மணப்பெண்களின் கைகள். வீடு வீடாகப் பையைத் தூக்கிக்கொண்டு அலையாமல், மணப்பெண் நம்மைத் தேடி வர ஓர் அறை வேண்டும் என்பாய். அது ஒன்றைத்தான் நாம் விரும்பினோம்.

ஈசூனில் அந்த முதல் கல்யாண வீடு. வேலை முடிந்ததும் மணப்பெண்ணின் அம்மா தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், மூலையில் மஞ்சள் தடவிய உறை. உறையின் மேல் ஒரு வெள்ளி, ஒற்றை டாலர் நாணயம். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம்மவர்களிடம் அப்படித்தான். தாம்பாளத்தில் வருவதை யாரும் கூலி என்பதில்லை. அது மரியாதை. நீயும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னாய். பிறகு பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தாய்.

அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது, கடையா? ஆசையா குடுத்ததுக்குப் போயி..."

"ஆசையாத்தான் வாங்கிக்கிட்டேன் ஆன்ட்டி. ஆனா வேல செஞ்சிருக்கோம். எழுதணும்லா."

மருதாணி காயாத கைகளை விரித்தபடி மணப்பெண் சிரித்தாள். மாமா ஒருவர், இதற்கு ஜிஎஸ்டி உண்டா என்று கேட்டார். அவ்வளவு பெரிதாக வளர்ந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன் என்றாய். 'மருதாணி வேலை' என்று எழுதி, 'வேலை'யின் கீழ் ஒரு கோடு இழுத்தாய். இடது கை எழுத்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. அந்த அம்மா அதைப் படிக்காமலே குங்குமச் சிமிழுக்கு அடியில் செருகினார்.

திரும்பும் ரயிலில் உன்னோடு சண்டை போட்டேன். தாம்பாளத்தில் வந்தது அன்பளிப்பு, அதைப் போய்க் கணக்கில் காட்டுவார்களா என்றேன். நீ சீட்டில் காலை மடக்கிக்கொண்டாய்.

"மொய்ன்னா நீ சும்மா நின்னாலும் வரும்டி. இது முதுகொடிய குனிஞ்சதுக்கு வந்தது."

என்னை முதலில் மேலாளரிடம் அனுப்பினாய். வெளிவேலைக்கு அனுமதி கேட்டேன். சரியென்று ஒரே வாக்கியத்தில் பதில் மின்னஞ்சல் வந்தது. ஏப்ரலில் வரிப் படிவம் நிரப்ப இருவரும் திரைமுன் உட்கார்ந்தோம். சம்பளம் படிவத்தில் தானாகவே ஏறியிருந்தது, அதை அலுவலகம் அனுப்பிவிடுகிறது. மருதாணி தானாக ஏறாது. அதை நாம்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அது சம்பளத்தின் மேலே போய் உட்காரும், இரண்டையும் கூட்டித்தான் வரி. செலவைக் கழிக்கலாம்: தூள், எண்ணெய், கூம்புத் தாள், மணப்பெண் வீட்டுக்குப் போன டாக்சி. நான் சேலையையும் சேர்த்தேன். என் முழங்கையில் ஓர் அடி.

"நாளைக்கு உங்க சித்தி வீட்டு விசேஷத்துக்கும் இதத்தான் கட்டிட்டுப் போவ. எடு அத."

என் அண்ணன் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஹாபிக்கெல்லாம் யாராவது வரி கட்டுவார்களா என்று கேலி செய்தான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாமளே தொழில்னு சொல்லலன்னா வேற யாரு சொல்வா?"

வரித்துறையின் கணிப்புக் கடிதம் வந்தது. மேலே சம்பளம். அதற்குக் கீழே தொழில். மிகச் சின்ன எண். நீ அதைத் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

போன வருடம் நோய் உன்னை எடுத்துக்கொண்டது. மருத்துவமனைப் படுக்கையிலும் என் கையை இழுத்து வைத்து வரைந்தாய். பாதியில் தூங்கிப்போனாய். அந்தப் பாதிக் கொடி என் கையிலிருந்து மறைய நாளானது.

பிறகு இந்த அறை காலியானது. உரிமையாளர் தேக்காவின் பழைய வியாபாரி. போன் பழுதுபார்க்கும் ஒருவரும் அறையைக் கேட்டிருந்தார். முன்பணத்தோடு தயாராக இருந்தார். உரிமையாளர் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"ஆபீஸ் சம்பளம் நல்லாத்தான் இருக்கு. அத விட்டுட்டா? மருதாணில என்னம்மா வரும். கையக் கழுவுனா போயிரும்."

ஒவ்வொரு வருடத்துக் கணிப்பையும் அவர் முன் வைத்தேன். ஒவ்வொன்றிலும் சம்பளத்துக்குக் கீழே தொழில். ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்தது. ஓர் ஆண்டில் மட்டும் இறக்கம். அவர் விரல் அங்கே நின்றது. அது நீ படுத்திருந்த வருடம் என்றேன். மணப்பெண்களைக் குறைத்துக்கொண்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எறங்குனதையும் காட்டிருக்கியே. சரி. சாவிய எடுத்துக்கம்மா."

படியில் இறங்கும்போது சிரித்தேன். சத்தமாக. பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். ஜெயித்துவிட்டோம். யார் வீட்டுத் தயவும் இல்லை. அதிர்ஷ்டமும் இல்லை. ஏப்ரல் தோறும் நீ என்னைப் பிடித்து உட்காரவைத்த அந்த ஒரு மணி நேரம் ஜெயித்தது.

இன்று இங்கே வந்த முதல் மணப்பெண் யார் தெரியுமா? அந்த ஈசூன் வீட்டின் இளையவள். அதே அம்மா, அதே தாம்பாளம். மஞ்சள் தடவிய உறை, மேலே ஒரு வெள்ளி. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தைத் தேடி நான் திரும்புவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"ரசீது எங்கம்மா? அந்தப் பொண்ணு குடுத்தத இன்னும் கல்யாண ஆல்பத்துல வெச்சிருக்கேன்லா. அவ வரலியா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, ரசீதுக்காகக் கையை நீட்டினார்.

எழுதினேன். மருதாணி வேலை. என் எழுத்து நேரானது, உன்னுடையதைப் போல் சாயாது. 'வேலை'யின் கீழ் மட்டும் உன் கோட்டை இழுத்தேன். அழுத்தமாக, அடுத்த தாளிலும் தடம் விழும்படி.