மஞ்சள் வைத்த வேட்புமனு

என் கண்ணு மல்லிகா,

உன் மகள் தோற்றுப்போனாள் என்று எழுத முடிந்தால்கூட மனசு ஆறும். அவளைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

செல்வி பேராசிரியர் ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கண்ணை மூடினாய். இந்த வருஷம், கல்வி பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களின் சங்கத்துக்குத் தலைவராக நிற்கத் துணிந்தாள்.

"ஸ்கூலை வுட்டவங்களப் பத்தி கட்டுகட்டா எழுதுறாங்க ஆயா. ஒருத்தரையும் மேடையில ஏத்தனதில்ல. நான் ஜெயிச்சா மொத கூட்டத்துல நீதான் பேசுற."

"அஞ்சாங்கிளாஸு நான் இன்னாடி பேசுவேன்?"

"என்னைத் திட்டுற மாதிரியே பேசு, போதும்."

கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுக்கு விடியலில் ஓடியவளின் பெண் தலைவராகப் போகிறாள் என்று காக்களூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

எதிர்த்து நின்றவர் பெரிய இடம். மனுவை முன்மொழிய ஒருவர் கிடைத்தார். வழிமொழியச் சொன்னால் எல்லோரும் நழுவினார்கள். கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர் மட்டும் பயந்துகொண்டே மைப்பேனாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த மனுவை உன் படத்தின் முன்னால் வைத்துவிட்டுச் செல்வி குளிக்கப் போனாள். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதமாயிற்றே என்று மஞ்சள் குழைத்து நாலு மூலையிலும் வைத்தேன். கீழ் மூலையில் டீச்சரின் கையெழுத்து இருந்ததைக் கவனிக்கவில்லை. மை ஊறிப் பரவியது. முந்தானையால் ஒற்றினேன், இன்னும் மோசம். சத்தமில்லாமல் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். செல்வி பிரித்துப் பார்க்காமல் அப்படியே கூரியரில் அனுப்பினாள். நீ இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாய், இல்லையா?

வழிமொழிந்தவர் கையெழுத்து தெளிவாக இல்லை, மனு தள்ளுபடி என்று பதில் வந்தது. அதற்குள் கடைசி நாளும் முடிந்திருந்தது.

"ஸ்டெல்லா வேணுன்னே கிறுக்கிக் குடுத்துட்டா ஆயா, அந்தப் பெரிய எடத்துக்குப் பயந்துக்கினு" என்று செல்வி அழுதாள். அன்றோடு டீச்சரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். "வுடுடி" என்றேன். மஞ்சள் கறை போகாத முந்தானையை இடுப்பில் மறைத்துச் செருகிக்கொண்டேன்.

இனிமேல் நிற்கவே மாட்டேன் என்கிறாள். நின்றாலும் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதுவரை நான் இருப்பேனா?

நாளை ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் சர்ச்சிலிருந்து திரும்பியதும் செல்வியை அவள் வீட்டுக்கு அழைத்துப் போவேன். இரண்டு பேர் முன்னாலும் இந்தக் கையை நீட்டிச் சொல்லிவிடுவேன். போன வாய்ப்பு திரும்ப வராது. செல்வி மன்னிப்பாளா, தெரியவில்லை. நான் பேசப்போகும் முதல் கூட்டம் அதுதான் மல்லிகா. கட்டாயம் பேசுவேன்.

உன் கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சள் வைத்தவள்,
உன் அம்மா