ஆரஞ்சு எந்தக் கையில் இருந்தது

லாஸ் ஏஞ்சலிஸ்
புதன், காலை பத்து மணி

அன்புள்ள டெல்லா,

எவரெட் ஹாஸ்கெல் ஆகிய நான், உன் கணவன், நீ எழுதி இயக்கிய ஆறு படங்களுக்கும் ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் கண்டினியூட்டி குறித்தவன், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். திங்களன்றே தபாலில் சேர்க்கச் சொல்லி நீ கையெழுத்திட்டுத் தந்த விண்ணப்பம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

படத்திலிருந்து உன் பெயரை நீக்கி, பதிலாக ஒரு பொய்ப் பெயரைப் போடக் கோர உனக்கு முழு உரிமை உண்டு. பதினோரு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த படத்தில் பத்தொன்பது நிமிடங்களை வெட்டி, கடைசிக் காட்சியையும் மாற்றிய தயாரிப்பாளர்கள்மீது எனக்கும் கோபம்தான். கெடு, வெள்ளி மாலை ஐந்து மணி.

நேற்று பாசடீனாவில் படத்தைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். உன்னிடம் சொல்லாமல் போனேன். சமையலறைக் காட்சியில் அவர்கள் கை வைக்கவில்லை. நினைவு தப்பிய தாய்க்கு மகள் ஆரஞ்சு உரித்துத் தருவது. உன் அம்மாவின் கடைசி மாதத்திலிருந்து நீ எடுத்தது. அதற்காக நாம் சண்டையிட்டது நினைவிருக்கிறதா? தூரத்திலிருந்து எடுத்ததில் பழம் இடக் கையில், அருகிலிருந்து எடுத்ததில் வலக் கையில். மறுபடி எடுக்கவேண்டும் என்றேன். "கல்யாண மோதிரத்தையே எந்தக் கைன்னு குறிச்சு வச்சுக்கிட்டுப் போட்ட ஆளு நீ! அழறவங்களுக்குக் கையெல்லாம் தெரியாது, போ" என்று குழுவே சிரிக்க விரட்டினாய்.

நேற்று அந்தக் காட்சியில் என் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் தோழி.

"பாப்கார்ன் தீந்துபோச்சு."

"தீரட்டும். அவ உரிச்சு முடிக்கட்டும், உக்காரு."

படம் முடிந்து வெளியே வந்தபோது, எழுந்தவள் கைபேசியில், "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிழையைக் குறிக்கப் பென்சிலோடு போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தாள் வெறுமையாக இருந்தது. பழம் எந்தக் கையில் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை, டெல்லா. இருபத்தாறு ஆண்டுத் தொழிலில் இதுவே முதல் முறை.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் அந்த ஆரஞ்சும் அந்தப் பொய்ப் பெயரின்கீழ் போய்விடும். அதை நீ ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். முடிவு உன்னுடையது. அனுப்பத்தான் வேண்டும் என்றால், கெடுவுக்கு முன் நானே நேரில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

இப்போது இக்கடிதத்தையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஃப்ரெஸ்னோவுக்குப் புறப்படுகிறேன். உன் அக்கா நோரீன் வீட்டு வாசலில் இரண்டையும் உன் கையில் தருவேன். வழியில் ஆரஞ்சு வாங்கி வருவேன். நீ படித்து முடிக்கும்வரை காரில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பேன்.

உன்,
எவரெட்